பெட்ரோல் அழுத்தும் தகடும் நான்கு தடைகளும்

பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் இன்ஜெக்‌ஷன் புரோட்டோன் வீரா கார், பாலிக் புலாவ் போகும் ஜாலான் துன் சார்டோன் ஏற்றத்தில் மட்டும் திணறுகிறது. ஃபோர்மன் பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார். அதற்கு முன்பு ஓர் அழுத்த மீட்டர் பொருத்திப் பார்க்கலாமா? அதன் சென்சருக்கு அழுத்தம் எப்படித் தெரிகிறது?"

பொருத்தலாம், பொருத்தத்தான் வேண்டும். பம்ப் தளர்ந்தாலும் ஃபில்டர் அடைத்தாலும் ஏற்றத்தில் வண்டி ஒரே மாதிரிதான் திணறும். அளக்காமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

இரண்டாவது கேள்விதான் இதில் அழகானது. சென்சரின் வாய்க்குள் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று, விளிம்பு முழுக்க இறுகிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. உறுமி மேளத்தின் தோலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பெட்ரோல் அழுத்துகிறது, மறுபக்கம் தகடு கண்ணுக்குத் தெரியாத அளவு புடைக்கிறது. புடைக்கும் பக்கத்தில் நடுப்பகுதி இழுபடும், விளிம்போரம் நெருக்கப்படும். அங்கே நான்கு மின்தடைகள் ஒட்டப்பட்டிருக்கின்றன, இரண்டு நடுவில், இரண்டு விளிம்போரம். கம்பியை இழுத்தால் அதன் மின்தடை கூடும் என்பதை 1856-இலேயே கெல்வின் பிரபு அளந்து காட்டிவிட்டார். ஆனால் இங்கே கூடுவது மிகமிகச் சொற்பம். 350 ஓம் தடை, முழு அழுத்தத்தில் 350.7 ஆகும், அவ்வளவுதான். இஞ்சின் சூட்டில் தடை இதைவிட அதிகமாக மாறிவிடுமே, பிறகு எதை நம்புவது?

விடை, நான்கையும் இணைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. பள்ளியில் படித்த வீட்ஸ்டன் பாலம்தான். இரண்டிரண்டு தடைகளாக இரு கிளைகள், தராசின் இரு தட்டுகள் போல. சூடு நான்கையும் ஒரே அளவு மாற்றுகிறது. இரண்டு தட்டிலும் ஒரே எடை ஏறினால் முள் அசையாது. அழுத்தமோ இரண்டைக் கூட்டி இரண்டைக் குறைக்கிறது, உடனே தராசு சாய்கிறது. 5 வோல்ட் கொடுத்தால் ஒரு கிளையின் நடுவில் 2.505 வோல்ட், மற்றதில் 2.495. வித்தியாசம் 10 மில்லிவோல்ட். சென்சருக்குள்ளேயே இருக்கும் பெருக்கி அதை 400 மடங்காக்கி 4 வோல்ட் ஆக்குகிறது. இதே சுற்றைப் படிவம் ஐந்து மாணவர்கள் கையால் கட்டி, ஒரு தகட்டை விரலால் அழுத்தி அளந்து பார்க்கும் வசதி ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்திலும் இருக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

அந்த 4 வோல்ட் 0.5-இன் மேல் ஏறுவதால், வெளியே வருவது 0.5 முதல் 4.5 வோல்ட். பூஜ்ஜியத்தில் தொடங்காததற்குக் காரணம் உண்டு. ஒயர் அறுந்தால் மீட்டர் 0-ஐயோ 5-ஐயோ காட்டும், அது அழுத்தம் அல்ல, பழுது என்று அப்போதே தெரிந்துவிடும்.

இனி பொருத்துவோம். 0–10 பார் (அழுத்த அலகு) அளக்கும் மூன்று ஒயர் சென்சர் போதும். அதை 5 வோல்ட்டில்தான் இணைக்க வேண்டும், நேராக 12 வோல்ட் கொடுத்தால் கருகிவிடும். எர்த் ஒயரை வண்டி பாடியில் சொருகாமல் மீட்டரின் எர்த்துக்கே கொண்டு போங்கள். எர்த்தில் 0.1 வோல்ட் இழப்பு வந்தாலே மீட்டர் 0.25 பார் பொய் சொல்லும்.

அதிகம் கெடுவது மரையில்தான். மரையில் இரண்டு ரகம்: ஜப்பானிய சென்சர்கள் 1/8 பி.டி., அமெரிக்க அடாப்டர்கள் 1/8 என்.பி.டி. முதலாவதில் அங்குலத்துக்கு 28 மரை, இரண்டாவதில் 27. இரண்டு மூன்று சுற்று சரியாகப் போவது போலப் போய், பிறகு இறுகும். பலம் போட்டால் ஏறியும் விடும், பிறகு கசியும். மரைக்கு வெள்ளை டேப் சுற்றாதீர்கள், அதன் துணுக்கு இன்ஜெக்டருக்குள் போய் அடைக்கும். பெட்ரோல் தாங்கும் திரவ சீலன்ட் தடவி, கையால் இறுகிய பின் ஒன்றரை முதல் இரண்டு சுற்று திருப்பினால் போதும்.

வேலை காலையில், திறந்த வெளியில், பவுடர் தீயணைப்பான் பக்கத்தில் இருக்க நடக்கட்டும். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஃபில்டருக்கும் ரெயிலுக்கும் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரிக்கும் குழாய்) நடுவே ஹோஸை வெட்டி டி-அடாப்டர் வையுங்கள். சேர்க்கும் ஹோஸ் எஸ்.ஏ.இ. 30ஆர்9 ரகமாக இருக்கட்டும், கார்புரேட்டர் ஹோஸ் இந்த அழுத்தத்துக்கு ஆகாது. சென்சரை இஞ்சின் மேலேயே தொங்கவிட்டால் அதிர்வில் பித்தளை அடாப்டர் மரையின் அடியில் விரிசல் விடும், சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் பீய்ச்சும். சிறு ஹோஸ் போட்டு பாடியோடு பிடித்துக் கட்டுங்கள். ஓட்டுவதற்கு முன் ஸ்டார்ட் செய்து ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். புரோட்டோன் எக்ஸ்70 போன்ற நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ரெயிலைத் தொடவே கூடாது, அங்கே நூறு பாருக்கு மேல் ஓடுகிறது.

வீராவின் மிட்சுபிஷி 4ஜி ரக இஞ்சின் ஐடிலில் சுமார் 2.65 பார் காட்டும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸை (இஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு வரும் குழாய்) பிடுங்கினால் 3.25–3.45-க்கு ஏறும். இன்ஜெக்டரின் மூக்கை மேனிஃபோல்டு (இஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) உறிஞ்சுவதால், அந்த அளவுக்கு ரெகுலேட்டர் அழுத்தத்தைக் குறைத்து வைக்கிறது. பிடுங்கிய ஹோஸின் நுனியில் பெட்ரோல் வாசனை வந்தால் ரெகுலேட்டரின் ரப்பர் கிழிந்திருக்கிறது.

ஏற்றத்தில் முழுக்க மிதிக்கும்போது உறிஞ்சல் போய்விடும், ஆகவே மீட்டர் மேலே போக வேண்டும். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐடிலில் சரியாக இருந்து ஏற்றத்தில் 2.5-க்குக் கீழே சரிந்தால், பெட்ரோல் போதிய அளவு வரவில்லை. முதலில் ஃபில்டரை மாற்றுங்கள், அதுதான் மலிவு. பெட்ரோல் ஹோஸில் மாட்டும் காந்தத்தை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். பெட்ரோலை எந்த வகையிலும் அது மாற்றாது, அந்தக் காசு ஃபில்டருக்கு உதவும்.

அப்படியும் சரிந்தால், இஞ்சின் ஓடும்போது பம்ப் சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் இருப்பதற்குக் கிட்டத்தட்ட வந்தால் ஃபோர்மன் சொன்னது சரி, பம்ப்பை மாற்றலாம். பேட்டரியில் 13.8 இருந்து அங்கே 11 வோல்ட்தான் வந்தால் குற்றம் ரிலேயிலோ ஒயரிலோ. புதுப் பம்ப் போட்டாலும் வண்டி அதே ஏற்றத்தில் அதே இடத்தில் திணறும்.