ஒப்பந்தத்துக்குள் ஒளிந்திருக்கும் விமான டிக்கெட்

2020 ஏப்ரலில் கரூரிலிருந்து ஒரு ஏற்றுமதியாளர் போன் செய்தார். திரைச்சீலை, மேஜை விரிப்பு தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர். "ஊரடங்குக்கு முன்னாடியே சரக்கு முடிஞ்சுது சார், எல்.சி.யும் கையில இருக்கு. ஆனா ஒரு வரி மட்டும் இடிக்குது, பாருங்க" என்றார். எல்.சி. என்றால் லெட்டர் ஆஃப் கிரெடிட்: கேட்ட ஆவணங்களைச் சரியாகக் கொடுத்தால் பையருக்காக, அதாவது வாங்குபவருக்காக, வங்கியே பணம் தரும் என்ற உறுதிக் கடிதம்.

அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். 46ஏ-வில், அதாவது வங்கிக்கு என்னென்ன ஆவணம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் இடத்தில், நான்காவது வரி: பையரின் பிரதிநிதி சரக்கை நேரில் பார்த்துக் கையெழுத்திட்ட இன்ஸ்பெக்‌ஷன் சான்றிதழ் வேண்டும், அந்தக் கையெழுத்து எல்.சி. திறந்த வங்கியிடம் உள்ள மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும். அந்தப் பிரதிநிதியோ தன் ஊரில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். மார்ச் 13-இல் பெரும்பாலான விசாக்களை இந்தியா நிறுத்திவைத்தது, 22-க்குப் பிறகு வெளிநாட்டுப் பயணிகள் விமானமும் இல்லை. வழக்கமான வெளிநாட்டு விமான சேவை திரும்பியது 2022 மார்ச் 27-இல்தான்.

சரக்கு இருக்கிறது, கப்பல்கூடக் கிடைத்துவிடும், ஆனால் ஒரு மனிதர் விமானம் ஏறி வந்து பேனாவை எடுத்தால்தான் பணம். அந்த வரியை ஒப்புக்கொண்ட அன்று அதற்குள் ஒரு விமான டிக்கெட் இருப்பது யார் கண்ணிலும் படவில்லை. உண்மையைச் சொன்னால், என் கண்ணிலும் பட்டிருக்காது.

வேறு வழியில்லாமல் எல்.சி.யைத் திருத்தக் கேட்டோம். பையர் தரப்பில் சம்மதம் வர 5 வாரம் ஆனது. அதற்குள் 44சி-யில் இருந்த கடைசி ஷிப்மென்ட் தேதி தாண்டிவிட்டது, அதற்கு இன்னொரு திருத்தம். அந்தச் சாக்கில் பையர் 6 சதவீதம் விலையைக் குறைத்துக்கொண்டார். அவரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது, அங்கே கடைகள் மூடிக் கிடந்தன.

அந்த நாட்களில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள்: ஃபோர்ஸ் மஜூர். கைமீறிய நிகழ்வு என்றால் பொறுப்பு விட்டுப்போகும் என்ற நம்பிக்கை. 2020 பிப்ரவரி 19-இல் மத்திய நிதி அமைச்சகம் ஒரு குறிப்பு வெளியிட்டது, கொரோனாவால் வரும் சப்ளை தடையை இயற்கைப் பேரிடராகக் கருதலாம் என்று. அதை இணைப்பாக வைத்து வெளிநாட்டுப் பையருக்கு மெயில் போட்டவர்களை எனக்குத் தெரியும். அது அரசுக் கொள்முதலுக்கானது, ஜெர்மனியில் இருப்பவருக்கு அதனால் என்ன? பலருடைய ஒப்பந்தத்தில் இங்கிலாந்துச் சட்டம் பொருந்தும் என்று வேறு எழுதியிருந்தது, அங்கே ஒப்பந்தத்தில் ஃபோர்ஸ் மஜூர் ஷரத்து எழுதப்பட்டிருந்தால்தான் அந்தப் பேச்சே. நம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவும் செய்யவே முடியாமல் போன வேலைக்குத்தான் கைகொடுக்கும், செலவு கூடிவிட்டது என்பவருக்கு இல்லை.

எல்.சி.யில் நிலைமை இன்னும் கறார். எல்.சி.க்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600-இன் 36-வது விதியைப் படித்துப் பாருங்கள்: இப்படிப்பட்ட நிகழ்வால் வங்கியின் வேலை நின்று, அந்த இடைவெளியில் எல்.சி. காலாவதியானால், வங்கி மறுபடி திறந்த பிறகும் அதற்குப் பணம் தராது. அந்த விதி இருப்பது வங்கியைக் காப்பாற்ற, நம்மை அல்ல. ஏற்றுமதிப் பணம் வந்துசேர ரிசர்வ் வங்கி கொடுத்த 9 மாதக் கெடுவை, 2020 ஜூலை 31 வரை போன ஷிப்மென்ட்களுக்கு 15 மாதமாக நீட்டினார்கள். நல்ல உதவிதான், ஆனால் அது நாம் கணக்குச் சொல்ல வேண்டிய கெடு மட்டுமே. பையரின் பையிலிருந்து அது ஒரு ரூபாயையும் எடுத்துத் தராது.

இறக்குமதியில் அடி வேறு விதம். கோவையில் ஒருவர் இத்தாலியிலிருந்து ஒரு மெஷின் வரவழைத்திருந்தார். கம்பெனி இன்ஜினியர் வந்துதான் பெட்டியைத் திறக்க வேண்டும், நாமே திறந்தால் வாரண்டி போச்சு. வாரண்டியோ ஓட்டிக் காட்டிய நாளிலிருந்து 12 மாதம் அல்லது ஷிப்மென்ட் நாளிலிருந்து 18 மாதம், எது முந்தியதோ அது. இன்ஜினியர் வருவதற்குள் 11 மாதம் ஓடிவிட்டதால் கையில் மிஞ்சிய வாரண்டி 7 மாதம். நடுவில் பேங்க் தவணை நிற்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிய மரப்பெட்டிக்கு மாதாமாதம் வட்டி கட்டினார் மனிதர்.

ஆள் போகாவிட்டாலும் சரக்கு போகுமே என்று கேட்கலாம். உலக விமானச் சரக்கில் ஏறக்குறைய பாதி பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகும், பயணிகள் நின்றதும் அந்த இடமும் போய்விட்டது. கப்பலும் ஆளை நம்பித்தான் ஓடுகிறது: 2020 கடைசியில் சுமார் 4 லட்சம் மாலுமிகள் பணி முடிந்தும் இறங்க முடியாமல் கடலிலேயே கிடந்தார்கள்.

இப்போது எந்த வரைவு வந்தாலும் ஒரு சிவப்புப் பேனாவோடு உட்காருகிறேன். "பிரதிநிதி", "நேரில்", "முன்னிலையில்", "நிறுவிய பிறகு" என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ஒரு வட்டம். சரி, இந்த ஆள் வர முடியாவிட்டால் யார்? இன்ஸ்பெக்‌ஷன் என்றால், சரக்கு இருக்கும் நாட்டிலேயே அலுவலகம் உள்ள மூன்றாம் தரப்பு நிறுவனம் ஒன்றைப் பெயரோடு மாற்றாக எழுதச் சொல்கிறேன். மெஷின் என்றால், வீடியோ வழியாக நிறுவினாலும் வாரண்டி செல்லும் என்று ஒரு வரி. எல்லாமே எல்.சி. திறப்பதற்கு முன்பே, ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் (முன்கூட்டியே அனுப்பும் விலைப்பட்டியல்) போகும்போதே பேசி முடிக்க வேண்டும், திறந்த பிறகு கேட்டால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கட்டணம், அப்புறம் பையரின் மூட்.

கரூர்க்காரர் போன மாதம் ஒரு புது எல்.சி. வரைவு அனுப்பினார். 46ஏ-வில் அதே நான்காவது வரி, அதே பையர். அவரே வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்.