மிட்ஃபீல்டர்: நடுக்கள ஆட்டக்காரர்

கால்பந்தில் கோல்கீப்பர் என்றதும் வேலை புரிந்துவிடுகிறது. டிஃபெண்டர் என்றாலும் அப்படியே. மிட்ஃபீல்டர் என்னும்போது மட்டும் ஆள் நிற்கும் இடம்தான் தெரிகிறது, செய்யும் வேலை தெரிவதில்லை. 'இவர் பெரிய ஆளா, அவர் பெரிய ஆளா' என்று இரண்டு மிட்ஃபீல்டர்களை வைத்து நடக்கும் வாக்குவாதங்கள் முடியாமல் நீள்வதற்கு இந்தச் சொல்லின் மங்கலான பொருளே பாதிக் காரணம்.

ஆட்டத்தின் தொடக்க காலத்தில் இப்படி ஒரு பெயர் இல்லை. 1880களில் பரவிய 2-3-5 அமைப்பில் பின்னால் நின்ற இருவர் ஃபுல் பேக், முன்னால் நின்ற ஐவர் ஃபார்வர்டு, இடையில் நின்ற மூவர் ஹாஃப் பேக். 'பாதி பின்னால்' நிற்பவர் என்பது பொருள். அந்த மூவரில் நடுவே நின்றவர் சென்டர் ஹாஃப். அணிக்கு அச்சாணி அவர்தான். 1925-இல் ஆஃப்சைடு விதி தளர்ந்தது. பந்தை வாங்க முன்னேறி நிற்கும் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்றிருந்தது, இருவர் போதும் என்றானது. கோல்கள் குவிந்தன. தடுக்க வழி தேடிய லண்டன் அணி ஆர்சனல், மேலாளர் ஹெர்பர்ட் சாப்மனின் காலத்தில் சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து இரண்டு ஃபுல் பேக்குகளுக்கு நடுவே நிறுத்தியது. ஆள் இடம் மாறினார், பெயர் மாறவில்லை. இங்கிலாந்தில் இன்றும் மையத் தடுப்பாட்டக்காரரைச் சென்டர் ஹாஃப் என்றே சொல்கிறார்கள்.

சட்டை எண் குழப்பத்தின் வேரும் இங்கேதான். ஹாஃப் பேக்குகளின் எண்கள் 4, 5, 6. இங்கிலாந்தில் 5 பின்வரிசைக்குப் போய்விட்டது. அர்ஜென்டினாவில் 5 நடுக்களத்திலேயே நின்றது. அங்கே தடுப்பு வேலை பார்க்கும் நடுக்களத்தாரின் எண் அதுதான். ஜெர்மனியில் அதே வேலைக்கு 6. ஆகவே 'எங்களுக்கு ஒரு நல்ல ஆறாம் எண் வேண்டும்' என்று ஒருவர் சொன்னால், எந்த நாட்டுக் கணக்கில் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மற்ற மொழிகள் இடத்தை விட்டு வேலைக்குப் பெயர் வைத்திருக்கின்றன. இத்தாலியில் பின்னிருந்து ஆட்டத்தை நடத்துபவர் ரெஜிஸ்தா, அதாவது இயக்குநர். நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட வெளியில் ஏறி இறங்குபவர் மெட்ஸாலா, 'அரைச் சிறகு'. அர்ஜென்டினாவில் முன்வரிசையோடு அணியைக் கோத்துவிடுபவர் என்கான்சே, 'கொக்கி'. பிரேசிலில் தடுப்பு நடுக்களத்தார் வொலான்டே. 1938-இல் ஃப்ளமெங்கோ அணிக்கு வந்த அர்ஜென்டினக்காரர் கார்லோஸ் வொலான்டேயின் குடும்பப் பெயரே அந்த வேலையின் பெயராக ஆயிற்று என்பது அங்கே வழங்கும் விளக்கம்.

தமிழுக்கு வருவோம். ஃபீல்டு என்பதற்கு வயல், புலம் எல்லாம் ஒட்டாது. ஆடுகளம், போர்க்களம், ஏர்க்களம் என்று ஆள்கள் கூடி வேலை நடக்கும் வெளியைக் குறிக்கும் 'களம்' நமக்கு முன்பே இருக்கிறது. எனவே நடுக்களம். ஒற்று மிக வேண்டும். 'நடுகள' என்று எழுதினால் நடுகல்தான் நினைவுக்கு வரும். 'மத்திய கள வீரர்' என்று சிலர் எழுதுகிறார்கள். நடு இருக்கும்போது மத்திய எதற்கு? 'நடுவர்' என்று சுருக்கவும் முடியாது, அது விசில் ஊதுபவருக்குப் போய்விட்டது. 'இடைக்களம்' என்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. இரண்டுக்கும் இடையே நின்று இணைப்பது என்ற பொருள் 'இடை'யில் கூடுதலாக ஒலிக்கிறது. ஆனால் நடுக்களம் வழக்கில் நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டாம். வீரர் என்பதைவிட ஆட்டக்காரர் மேல் என்பது என் கருத்து. ஆண், பெண் இரு பாலாருக்கும் அதே சொல் போதும். நடுக்களத்தார் என்று சுருக்கினாலும் தமிழாகவே நிற்கிறது.

உட்பிரிவுகளில்தான் கவனம் தேவை. தடுப்பு நடுக்களத்தார், தாக்கு நடுக்களத்தார் இரண்டும் சரி. பாக்ஸ் டு பாக்ஸ் என்பதைப் 'பெட்டிக்குப் பெட்டி' என்று எழுதுவது தவறு. அந்தப் பாக்ஸ் என்பது கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பகுதி. ஒரு முனைப் பகுதியிலிருந்து மறுமுனைப் பகுதிவரை ஓடுபவர் அவர். முழுநீள நடுக்களத்தார் என்றால் விளங்கும். ரெஜிஸ்தாவுக்குப் 'பின்னின்று நடத்துபவர்'.

இந்த வேறுபாடுகள் அத்தனையும் ஒரே ஆட்டத்தில் தெரிந்த நாள் ஒன்று உண்டு: 2005, இஸ்தான்புல், ஐரோப்பியக் கிளப் அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி. ஏசி மிலானின் நடுக்களம் வைர வடிவம். அடியில் பின்னின்று நடத்தும் பிர்லோ, வலப்பக்கம் பந்தைப் பறிக்கும் கட்டூசோ, இடப்பக்கம் செடோர்ஃப், உச்சியில் காகா. எதிரே லிவர்பூலின் நடுவில் ஜெரார்டு, சாபி அலோன்சோ இருவரே. களத்தின் அகலம் 68 மீட்டர். அதை இருவர் காத்தால் ஆளுக்கு 34 மீட்டர், மூவர் காத்தால் ஏறக்குறைய 23. அந்த இடைவெளியில்தான் காகா ஓடினார். இடைவேளையில் மிலான் 3-0. அப்போது லிவர்பூல் வலப்புறத் தடுப்பாட்டக்காரர் ஃபின்னனை எடுத்துவிட்டு, பின்வரிசையை மூவராக்கி, தடுப்பு நடுக்களத்தார் ஹாமனை இறக்கியது. ஹாமனும் அலோன்சோவும் காகாவின் வழியை அடைத்தார்கள். காவல் வேலையிலிருந்து விடுபட்ட ஜெரார்டு மேலே ஏறினார். 54-ஆம் நிமிடம் அவர் தலையால் முட்டி முதல் கோல். 60-ஆம் நிமிடத்துக்குள் 3-3. பெனால்டிகளில் லிவர்பூல் வென்றது. ஹாமன் ஜெரார்டைவிடச் சிறந்த ஆட்டக்காரரா? கேள்வியே பொருந்தாது. ஹாமன் வந்ததால் ஜெரார்டு ஜெரார்டாக ஆட முடிந்தது.

இதன் மறுபக்கம் இங்கிலாந்து தேசிய அணி. ஜெரார்டு, லாம்பார்டு இருவரும் முன்னேறிக் கோல் அடிக்கும் நடுக்களத்தார். செல்சி அணியில் லாம்பார்டுக்குப் பின்னால் மகலேலே காவல் நின்றார். தேசிய அணியில் இருவரையும் அருகருகே நிறுத்தியபோது, ஒருவர் ஏறினால் மற்றவர் தன் இயல்பை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த மகலேலேயை 2003-இல் விற்ற ரியல் மாட்ரிட், அந்தக் கோடையில் பெக்காமை வாங்கியது. முந்தைய பருவத்தில் லீக் வென்ற அணி, 2003-04-இல் நான்காம் இடத்தில் முடித்தது. பெக்காம் குறைந்த ஆட்டக்காரர் அல்லர். காலியான வேலை அவருடையது அல்ல, அவ்வளவுதான்.

எண்களை வைத்து ஒப்பிடுபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் பந்துப் பறிப்புக் கணக்கு. பந்து நம்மிடம் இருக்கும்போது அதை யாரும் பறிக்க முடியாது. ஒரு கற்பனைக் கணக்கு: முதலாமவரின் அணி 65 விழுக்காடு நேரம் பந்தை வைத்திருக்கிறது, அவர் ஆட்டத்துக்கு 2 முறை பறிக்கிறார். இரண்டாமவரின் அணியிடம் பந்து 40 விழுக்காடு நேரமே இருக்கிறது, அவர் 3 முறை பறிக்கிறார். எதிரணியிடம் பந்து இருந்த நேரத்தால் வகுத்தால் முதலாமவருக்கு 2/35, அதாவது 0.057. இரண்டாமவருக்கு 3/60, அதாவது 0.05. குறைவாகப் பறித்தவர்போலத் தெரிந்தவரே முந்துகிறார். பாஸ் துல்லியமும் இப்படித்தான் ஏமாற்றும். பின்னோக்கியும் பக்கவாட்டிலும் மட்டும் கொடுத்தால் 90 விழுக்காடு எளிது. எதிரணியின் ஒரு வரிசையையாவது தாண்டிய பாஸ்கள் எத்தனை என்று தனியாக எண்ண வேண்டும்.

எண்ணில் வராதவற்றைப் பார்க்க, பந்தை விட்டுவிட்டு ஒரு நடுக்களத்தாரையே பத்து நிமிடம் தொடருங்கள். பந்து தன்னிடம் வருமுன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறாரா? வாங்கும்போது உடல் பாதி திரும்பியிருக்கிறதா, அல்லது தன் கோலையே பார்த்து நிற்கிறதா? அப்படி நிற்பவருக்குத் திரும்ப இன்னொரு தொடுதல் வேண்டும், அதற்குள் எதிராளி வந்துவிடுவார். தன் பக்கத்து ஃபுல் பேக் (இன்றைய வழக்கில் ஓரத் தடுப்பாட்டக்காரர்) மேலே ஏறும்போது இவர் எங்கே நகர்கிறார் என்பதையும் கவனியுங்கள். ஃபுல் பேக் இருவரையும் ஏறவிடும் அணிக்கு, காலியான அந்த மூலையை நோக்கி இரண்டு எட்டு முன்கூட்டியே வைப்பவர் தேவை. ஃபுல் பேக்குகள் பின்னாலேயே நிற்கும் அணியில் அந்த இரண்டு எட்டு அவரை ஆட்டத்திலிருந்து விலக்கிவிடும்.