எரிந்த ஊருக்கு முதலில் யார் திரும்பிப் போவது?

2022 செப்டம்பர் கடைசியில் பாலத்துறை கஜீமாவத்தையில் தீப்பிடித்து சுமார் 80 வீடுகள் எரிந்தது கொழும்பில் பலருக்கு நினைவிருக்கும். இப்படி ஏதாவது நடந்தால் "சனம் ஒன்றாக நின்றது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ஒன்றாக நிற்பது உண்மையில் எப்படி உதவுகிறது என்பதை, காட்டுத்தீயில் ஊரே அழிந்த இடங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆறுதல் அதில் ஒரு சின்னப் பகுதிதான்.

உடுப்பு, சாப்பாடு, நாலு நாள் படுக்க இடம் எல்லாம் சொந்தக்காரரிடமிருந்து வரும். சிக்கல் என்னவென்றால், காட்டுத்தீ வரும்போது காற்றில் பறக்கும் தணல் ஊர் முழுக்க விழுகிறது. உங்கள் வீடு எரிந்த அன்றைக்கே அடுத்த தெருவில் இருக்கும் அக்காவின் வீடும் எரிந்திருக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊரை 2018 நவம்பர் 8ஆம் திகதி அழித்த தீயில் 85 பேர் இறந்தார்கள், 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அங்கே யார் யாருக்குக் கைமாற்றுக் கொடுப்பது?

அப்போதுதான் அவ்வளவு நெருக்கமில்லாத பழக்கங்கள் வேலை செய்யத் தொடங்கும். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான், புதுத் தகவல் தூரத்துப் பழக்கம் வழியாகவே வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இலேயே எழுதினார். தீக்குப் பிறகு தேவைப்படுவதும் தகவல்தான்: எந்தப் படிவம், எந்தக் கந்தோர், எரிந்துபோன அடையாள அட்டைக்கு யாரிடம் கடிதம் வாங்குவது. கொழும்பில் என்றால் கிராம சேவகரிடம் கூச்சமில்லாமல் போய்க் கதைக்கக்கூடிய ஒருவர், மரண உதவிச் சங்கத்தின் பொருளாளரோ பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவரோ, அந்தத் தோட்டத்தில் (வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் குடியிருப்பில்) இருக்கிறாரா என்பது பெரிய விஷயம்.

அதைவிடப் பெரியது திரும்பிப் போகும் முடிவு. பக்கத்து வீட்டார் வருவார்களா, கடை திறக்குமா, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருப்பார்களா என்று தெரியாமல் யார் காசைக் கொட்டி வீடு கட்டுவார்கள்? எல்லோரும் மற்றவர் முடிவுக்காகக் காத்திருந்தால் யாருமே போகமாட்டார்கள். ஒருவரோடொருவர் தொடர்பில் இருந்தால்தான் இந்த முடிச்சு அவிழும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2009 பெப்ரவரி 7ஆம் திகதித் தீ 173 பேரைக் கொன்றது. தப்பியவர்களை மெல்பர்ன் பல்கலைக்கழகத்தினர் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். ஆட்களோடு பழக்கம் குறைவாக இருந்தவர்களுக்கு மனச்சோர்வு அதிகம், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஊரை விட்டுப் போனவர்களோடு நெருக்கமாக இருந்தவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதலாகவே இருந்தது. அதாவது ஒரு குடும்பம் இடம் மாறும்போது அங்கேயே இருப்பவரும் எதையோ இழக்கிறார். தோட்டத்து மக்களைத் தொடர்மாடிக்கு மாற்றும்போது பழைய அயலாரை ஒரே மாடியில் வைக்காமல் கலைத்துப் போடுவது, என் பார்வையில், இன்னொரு தடவை வீட்டைப் பறிப்பது மாதிரி.

தீ எரியும்போதே கூட ஒன்றாக நிற்பது உதவும். ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு பரவிய தீயை மனோ என்ற பகுதியினர் வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றி அணைத்தார்கள். தொழிற்சாலைப் புகைக்கு எதிராக 1960களிலிருந்தே சேர்ந்து வேலை செய்த ஆட்கள் அவர்கள், யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

சரி, இதற்கு இருட்டான பக்கமும் உண்டு. டானியல் ஆல்ட்ரிச் என்ற ஆய்வாளர் சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டு மீனவக் கிராமங்களைப் பார்த்தார். ஊர்ப் பஞ்சாயத்து பலமாக இருந்த இடங்களுக்கு நிவாரணம் நன்றாகவே வந்தது, ஆனால் பட்டியல் போட்டதும் அதே பஞ்சாயத்துதான். தலித்துகளும் விதவைகளும் அதில் விடுபட்டார்கள். நமது தோட்டங்களில் அப்படி விடுபடக்கூடியவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். சங்கத்தில் சேராத, போன மாதம்தான் குடிவந்த குடும்பத்தின் பெயரை யார் எழுதிக் கொடுப்பார்கள் என்பதைத் தீ பிடிப்பதற்கு முன்பே சங்கக் கூட்டத்தில் பேசி வைக்கலாம்.