ஆபரேஷனுக்குப் போகிறவரிடம் என்ன சொல்லி அனுப்புவது?

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உறவுக்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: "ஒண்ணும் ஆகாதுத்தா. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சுரும்." சொல்லிக்கொண்டே பாண்டி கோயில் திருநீறைப் பூசிவிடுவார்கள், பூசுகிற கை நடுங்கும். மயக்க மருந்து டாக்டரான என் வேலை அந்த வாசலுக்கு இந்தப் பக்கம் தொடங்குகிறது.

அன்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் 'ஒண்ணும் ஆகாது' என்று மூன்று பேர் சொன்ன பிறகு, படுத்திருப்பவர் தன் பயத்தை யாரிடம் சொல்வார்? "எது பயமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் நாம் நினைத்ததே இருக்காது. பாதியில் முழிப்பு வந்துவிடுமோ, தாலியைக் கழற்றச் சொல்வார்களோ, முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலிக்குமோ என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. நகையைக் கழற்றச் சொல்வது, கரண்ட் வைத்துச் செய்யும் சிகிச்சையில் தீக்காயம் வராமலிருக்க. மஞ்சள் கயிற்றை மட்டும் கட்டிக்கொள்ளலாமா என்று முதல் நாளே கேட்டுவிடலாம். ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். வருஷக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை.

சிசேரியனை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் ஊசி போட்டதும் கால் சூடாகும், கனக்கும், அப்புறம் மரத்துப்போகும். வலி தெரியக்கூடாது, ஆனால் தொடுவது தெரியும். பிள்ளையை வெளியே எடுக்கும்போது அமுக்குவதும் இழுப்பதும் நன்றாகவே தெரியும். உடம்பு வெடவெடவென நடுங்கலாம். பிரஷர் இறங்கினால் குமட்டும், அதற்கு உடனே மருந்து உண்டு. 'ஒண்ணுமே தெரியாது' என்று மதினி சொல்லி அனுப்பிய பெண், அந்த இழுப்பு வந்ததும் மருந்து வேலை செய்யவில்லை என்று பதறிப்போகிறாள். முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டவள், "டாக்டர், நீங்க சொன்ன இழுப்பு இதுதானா?" என்கிறாள். நிஜமாகவே வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம், உடனே சொல்ல வேண்டும் என்பதையும் அவளிடம் சொல்லிவைத்திருப்போம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1846-இல் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து ஆபரேஷன் செய்து காட்டிய அதே பாஸ்டன் மருத்துவமனையில், எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரும் சகாக்களும் 97 வயிற்று ஆபரேஷன் நோயாளிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 1964-இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும், எப்படித் திரும்பிப் படுக்க வேண்டும், மூச்சை எப்படி விட வேண்டும் என்று விளக்கிச் சொன்னார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. யாருக்கு விளக்கப்பட்டது என்று அறியாத சர்ஜன்கள், அவர்களைச் சராசரியாக 2.7 நாள் முன்பே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்காக வலியை வர்ணிக்கவும் கூடாது. 'எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்' என்று நாங்களே வாய்ப்பாடாகச் சொல்லிவந்தோம். 2010-இல் வெளியான ஆய்வில் 140 கர்ப்பிணிகளில் ஒரு பாதியிடம், "இந்த மருந்து மரத்துப்போக வைக்கும், அப்புறம் வசதியாக இருப்பீர்கள்" என்றார்கள். மறுபாதியிடம், "பெரிய தேனீ கொட்டுவது போலிருக்கும்" என்றார்கள். ஊசி ஒன்றுதான். பத்துக்கு எவ்வளவு வலித்தது என்று கேட்டதில் முதல் பாதியின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 3, தேனீக்காரர்களுடையது 5. ஆகவே என்ன செய்யப்போகிறோம், எதற்காக என்று சொன்னால் போதும், உவமையெல்லாம் வேண்டாம்.

குழந்தைகளிடம் 'ஊசியே போட மாட்டாங்க' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த ஐந்து நிமிஷத்தில் பொய் வெளுத்துவிடும். பிறகு யார் சொன்னாலும் பிள்ளை நம்பாது. ஊசி போடும்போது 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் பெரிதாக உதவுவதில்லை. கதை சொல்லுங்கள், பலூன் ஊதச் சொல்லுங்கள்.

"உசுருக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல டாக்டர்?" என்று கேட்பவரிடம் நான் சத்தியம் செய்வதில்லை. ஆபரேஷன் முடிகிற வரை பக்கத்தில் ஒரு மயக்க டாக்டர் இருப்பார், நாடித்துடிப்பையும் பிரஷரையும் ஆக்சிஜனையும் பார்த்துக்கொண்டே இருப்பார் என்கிறேன். உங்களாலும் அதுபோல் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது ஒன்று உண்டு: "நீ வெளிய வர்ற வரைக்கும் நான் இங்கனயேதான் இருப்பேன்." சொன்னால் இருங்கள், டீக்கடைக்குப் போவதென்றால் வேறொருவரை உட்கார வைத்துவிட்டுப் போங்கள்.

ஆறுதல் என்று நினைத்துச் செய்கிற ஒன்றைத்தான் உண்மையில் தடுக்க வேண்டியிருக்கிறது. 'பச்சத்தண்ணி பல்லுல படாம கெடக்குதே' என்று அப்பத்தாவுக்கு விடிகாலையில் ஒளித்துக் கொடுக்கும் காபியும் இட்லியும். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பொதுவாக இட்லிக்கும் பால் காபிக்கும் 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். உங்கள் டாக்டர் வேறு நேரம் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. கொடுத்துவிட்டீர்களா? நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் கொஞ்ச நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். யாரும் வைய மாட்டார்கள்.