மழைநாளில் இறைச்சிக்குப் புகை போடுவது: குற்றம் காற்றின் ஈரத்திலா?

மழை பெய்யும்போது காற்றே ஈரமாக இருப்பதால்தான் அடியில் கரி எரியும் தகர டிரம்மில் புகை போட்ட கறி வேகாமலும் கசந்தும் போகிறது என்று நினைப்பது இயல்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் பழி வேறு இடத்தில் விழுகிறது. ஏப்ரல் பகலில் நாகர்கோவிலில் 32 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 20 கிராம் நீராவி இருக்கும். ஜூன் மழையில் 25 டிகிரி, 95 சதவீதம் என்றால் 22 கிராம். வித்தியாசம் 2 கிராம்தான். அந்த மழைக்காற்று டிரம்முக்குள் நுழைந்து 110 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் 2 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கோடை வெயிலில்கூட அவ்வளவு வறண்ட காற்று குமரியில் கிடைக்காது.

கெடுப்பது நனைந்த தகரமும் நனைந்த விறகும்.

200 லிட்டர் டிரம்மின் மூடி சுமார் 58 செ.மீ. அகலம். மணிக்கு 10 மி.மீ. மழை பெய்தால் மூடிமேல் மட்டும் இரண்டரை லிட்டர் தண்ணீர் விழும். ஒரு லிட்டரை 25 டிகிரியிலிருந்து ஆவியாக்க ஏறக்குறைய 2,570 கிலோஜூல் வேண்டும். சுமார் 90 கிராம் சிரட்டைக்கரி முழுதாக எரிந்து தரும் வெப்பம் அது. வழிந்தோடியது போக பாதித் தண்ணீர் ஆவியானாலும் மணிக்கு 100 கிராமுக்கு மேல் கரி வீண். அதைவிட மோசமானது மூடியின் அடிப்பக்கத்தில் நடக்கிறது. குளிர்ந்த தகரத்தில் புகையின் நீராவியும் தாரும் சேர்ந்து படிந்து, கறுப்புச் சொட்டாகக் கறிமேல் விழும். விழுந்த இடம் கசக்கும், கழுவினாலும் போகாது.

ஆகவே முதல் வேலை கூரை. டிரம்முக்கு மேலே 2 மீட்டர் இடைவெளி விட்டு, நான்கு பக்கமும் திறந்த தகரச் சாய்ப்பு போதும். தார்ப்பாய் கட்டினால் உருகும், தீயும் பிடிக்கும். மழைக்குப் பயந்து டிரம்மை வராந்தாவுக்கோ கார் நிறுத்தும் போர்ட்டிகோவுக்கோ இழுத்து வந்துவிடக் கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, ஜன்னல் வழியே வீட்டுக்குள் போகும். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் தொல்லை மழை என்றால் ஆரல்வாய்மொழிப் பக்கம் தொல்லை காற்று. அங்கே காற்று வரும் திசையில் ஒரு மீட்டர் தள்ளித் தகரத்தட்டி நிறுத்தி, காற்று உள்ளே போகும் டிரம்மின் அடித்துளையை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும்.

இனி விறகு. அதிலுள்ள நீர் வெளியேறும்வரை விறகின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதன்பிறகு மரத்தின் கட்டமைப்புப் பொருள்கள் ஒவ்வொன்றாகச் சிதையும்: 200 டிகிரிக்கு மேல் ஹெமிசெல்லுலோஸும், அடுத்து செல்லுலோஸும். மூன்றாவதான லிக்னின் பெருமளவு சிதைய 300 டிகிரி தாண்ட வேண்டும். புகைமணம் என்று நாம் அறியும் குவாயகால், சிரிங்கால் எல்லாம் லிக்னின் தருபவை. ஈர விறகு அந்தச் சூட்டை எட்டாமல் மந்தமாகப் புகையும். கண்ணை எரிக்கும் அடர்ந்த வெள்ளைப் புகையில் புளிப்பும் தாரும்தான் அதிகம். நமக்கு வேண்டியது, இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வைக்கும் மெல்லிய நீலப் புகை.

பச்சை விறகின் எடையில் பாதி வரை தண்ணீர். நன்றாகக் காய்ந்ததில் 15 முதல் 20 சதவீதம். மழைக்காலத்தில் விறகை அடுப்புக்கு மேலே பரணில் வைத்து, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். இரண்டு நாளாக எடை குறையவில்லை என்றால் காய்ந்துவிட்டது. கொய்யா, புளி, மா, பலா நல்லவை. அரளி கூடாது. மில்லில் மருந்து ஏற்றிய ரப்பர் மரப்பலகைத் துண்டும் கூடாது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். மரத்துண்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் போடும் வழக்கம் இருக்கிறது. அதனால் புகை தாமதமாகிறதே தவிர வேறு பயனில்லை.

மழைச்சொட்டு உள்ளே விழுகிறதென்று மேல் புகைவாயை அடைப்பவர்கள் உண்டு. பழைய புகை உள்ளேயே தேங்கித் தாராகப் படிய அதுவே வழி. புகைவாய்க்கு மேலே 6 செ.மீ. இடைவெளியில் தகரத் தொப்பி வைத்து, வாயை முழுதாகத் திறந்தே விடவும். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அடித்துளையில்தான்.

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் புரையில் முதல் நாள் காற்றுவழிகளைத் திறந்துவிட்டு ஈரத்தை வெளியேற்றுவார்கள். கறிக்கும் அதே நியாயம். 2 கிலோ பன்றித் தோள்கறிக்கு 30 கிராம் உப்புத் தடவி, மூடாமல் ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் மேற்பரப்பு உலர்ந்து லேசாகப் பிசுபிசுக்கும். புகை சீராகப் பிடிப்பது அதில்தான். நீர் சொட்டும் கறியில் கோடுகோடாக விழும். டிரம்மை வெறுங்கரியோடு அரைமணி நேரம் சூடாக்கி, மூடியின் அடிப்பக்கம் உலர்ந்த பிறகே கறியை வைத்து, உள்ளங்கையளவு மரத்துண்டு இரண்டைப் போடுங்கள். டிரம்மின் சூட்டை 110 முதல் 120 டிகிரியில் நிலையாக வைத்திருங்கள்.

கறியின் உள்சூடு 65 முதல் 70 டிகிரிக்கு வந்ததும் மணிக்கணக்கில் நகராது. மேற்பரப்பில் நீர் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதுதான் காரணம். மழையைத் திட்டி, கரியை அள்ளிக் கொட்ட வேண்டாம். தீயில் வாட்டிய வாழையிலையை இரண்டு மடிப்பாகச் சுற்றினால் ஆவியாதல் குறைந்து சூடு மேலே ஏறும். 93 டிகிரியில் நார் பிரியும். தோள்கறிக்கு 6 மணி நேரமாவது ஒதுக்குங்கள். கோழித்தொடைக்கு 2 மணி நேரம். எலும்பருகே 74 டிகிரி காட்டினால்தான் இறக்க வேண்டும்.

கறியை வேகவைக்காமல் குறைந்த சூட்டில் புகை மட்டும் போடும் குளிர்புகையில் இந்தக் கணக்கு தலைகீழாகும். மழைக்காற்று 30 டிகிரிக்குத்தான் சூடாகிறது என்றால் அதன் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும், கறி உலராது. போதாததற்கு, 5 முதல் 60 டிகிரி வரை பாக்டீரியா பெருகும் எல்லை. மழைமாதங்களில் இங்கே வீட்டுமுற்றத்தில் அதை முயலவே கூடாது.

வேலை முடிந்ததும் ஆறிய சாம்பலை இரும்பு வாளியில் அள்ளிவிடுங்கள். சாம்பல் இரவெல்லாம் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ஒரே மழைக்காலத்தில்கூட டிரம்மின் அடி துருவேறி ஓட்டையாகிவிடக்கூடும்.