ஒலியை நிறுத்திவிட்டு நாயைப் பாருங்கள்

சென்ற கோடையில் சேலம் அழகாபுரத்திலிருந்து ஒரு குடும்பத்தினர் தங்கள் இரண்டு வயது லாப்ரடார் நாயை என்னிடம் கூட்டி வந்தனர். உடன் வந்த பையனின் வலக்கையில் கட்டு. உணவுத் தட்டின் அருகே யார் வந்தாலும் நாய் உறுமுகிறது என்பதால், பையனின் தந்தை நாய்ப் பயிற்சிக் காணொளி ஒன்றைப் பார்த்து, அதில் காட்டியபடியே நாயை மல்லாக்கப் புரட்டி, அது அசையாமல் கிடக்கும்வரை கழுத்தைப் பிடித்து அழுத்தியிருக்கிறார். மூன்று நாளில் உறுமல் நின்றுவிட்டது. நான்காம் நாள், தட்டின் பக்கம் உருண்டோடிய பந்தை எடுக்கக் குனிந்த பையனை நாய் கடித்துவிட்டது. “உறுமவே இல்லைங்க டாக்டர், திடீர்னு கடிச்சிருச்சு” என்றார் தாயார்.

அது திடீரென நடந்ததன்று. உறுமல் என்பது நாய் கொடுக்கும் எச்சரிக்கை; அதை அடக்கிவிட்டால், தட்டைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற அச்சம் அப்படியே உள்ளே இருக்க, எச்சரிக்கை மட்டும் காணாமல் போகிறது. நல்லவேளையாக அவர்கள் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்டதுதானே என்று இதை ஒருபோதும் தள்ளிப் போடக் கூடாது.

மல்லாக்கப் புரட்டும் இந்த வித்தைக்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது ஓநாய்க் கூட்டத்தின் ‘ஆல்ஃபா’ கதை, அதாவது மற்றவற்றை அடக்கி ஆளும் ஒரு தலைவன் கூட்டத்தில் உண்டு என்பது. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்னும் ஆய்வாளர், அடைப்பில் வைத்து வளர்க்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து எழுதியதிலிருந்து வளர்ந்த கருத்து அது. காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய ஒரு குடும்பமே என்பதை ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் விளக்கி எழுதினார்; ஆல்ஃபா என்ற சொல்லைப் பரப்பியதில் பெரும்பங்கு கொண்ட அவரே அதைக் கைவிடச் சொன்னார். ஆனாலும் காணொளிகளில் அந்தச் சொல் இன்னும் சக்கைப்போடு போடுகிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில், “வீட்டில் யார் எஜமான் என்று நாய்க்குக் காட்டுங்கள்” என்று நானே சிலருக்குச் சொல்லியிருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எந்தக் காணொளி நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பயிற்சியாளரின் பேச்சும் பின்னணி இசையும் போய்விட்டால், எஞ்சுவது நாயின் உடல் மட்டுமே. தளர்ந்த வாய், மென்மையாக ஆடும் வால், அடுத்து என்ன என்று தானாகவே மனிதரின் முகத்தைத் தேடும் கண்கள் ஆகியவை தெரிந்தால், அந்த நாய் விரும்பிக் கற்கிறது. எதிரே தின்பண்டம் இல்லாதபோதும் உதட்டை நக்குவது, தூக்கக் கலக்கம் இல்லாமலேயே கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு வெள்ளை விழி தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, காதுகளைப் பின்னுக்கு மடக்குவது, வாலைக் கவட்டுக்குள் செருகுவது, எல்லாவற்றுக்கும் மேலாக அப்படியே விறைத்து நிற்பது ஆகியவை அச்சத்தின் அடையாளங்கள். விறைத்து நிற்பதைத் தவிர மற்றவற்றில் ஒன்று தனியே தெரிந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அந்தக் காணொளியை மூடிவிடலாம்.

குறிப்பாக, ‘இரண்டே நிமிடத்தில் சாந்தமான நாய்’ வகைக் காணொளிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். தப்பிக்க வழியில்லாத மின்னதிர்ச்சிக்கு உள்ளான நாய்கள், பிறகு தப்பிக்க வழி கிடைத்தபோதும் முயலாமல் படுத்துவிட்டதை 1967-இல் செலிக்மன், மேயர் என்னும் உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனைகள் காட்டின. கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுத்தவுடன் ‘அடங்கிய’ நாயைத் திரையில் காணும்போது எனக்கு அந்தச் சோதனைதான் நினைவுக்கு வருகிறது. அது எதையும் கற்றிருக்காது. என்ன செய்தாலும் பயனில்லை என்று விட்டுவிட்டிருக்கும். ஷாக் காலர் எனப்படும் மின்பட்டையை வேல்ஸ் நாடு 2010-லேயே தடை செய்துவிட்டது. நம் ஊரில் இணையத்தில் கேட்டால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

அடுத்து, வெட்டு. காணொளி எந்த இடத்தில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். முதல் காட்சியில் குரைக்கும் நாய், அடுத்த காட்சியில் அமைதியாக உட்கார்ந்திருந்தால், நடுவே போனது பத்து நொடியா பத்து நாளா என்று நமக்குத் தெரியாது. நாய் சரியாகச் செய்த ஓரிரு நொடிக்குள் வெகுமதி கிடைக்க வேண்டும் என்பதே பயிற்சியின் உயிர்நாடி. அந்தக் கணத்தை வெட்டாமல், நாய் தவறு செய்யும் இடங்களையும் மறைக்காமல் காட்டுபவரே உண்மையில் கற்பிக்கிறார். வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தால் பயிற்சியாளரின் கை எப்போது தின்பண்டப் பைக்குள் போகிறது என்பது தெளிவாகத் தெரியும். எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு இதில் எதையும் சொல்லாது.

நல்ல காணொளியையும் நம் ஊருக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. குளிர்நாட்டில் எடுக்கப்பட்ட நடைப்பயிற்சியைச் சேலத்துச் சித்திரை வெயிலில் செய்தால் நாயின் பாதம் கொப்பளித்துவிடும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால், நாயை அதில் நடத்தக் கூடாது. மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய 14-ஆம் வாரம் வரை குட்டிக்கு உலகைப் பழக்க வேண்டும் என்று காணொளிகள் சொல்வது சரியே. ஆனால் குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் நோயும் தெருநாய்களும் மிகுந்த நம் தெருக்களில், தடுப்பூசி முழுமையாகாத குட்டியைத் தரையில் விட வேண்டாம். மடியில் வைத்துக்கொண்டு ஐந்து ரோடு சந்திப்பின் பேருந்துச் சத்தத்தைத் தொலைவிலிருந்து கேட்கச் செய்தாலே அதற்குப் போதும்.

இனத்தையும் பார்க்க வேண்டும். உணவுக்காக எதையும் செய்யும் லாப்ரடாரை வைத்து எடுத்த பாடத்தை, ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் வளரும் சிப்பிப்பாறை நாய்க்கு அப்படியே செய்து பார்த்துச் சலித்துப்போன ஒருவர் “இது மக்கு நாய்” என்றார். அது முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம். அதைக் கூப்பிட்டு வரப் பழக்க, மார்புப் பட்டையில் பத்து மீட்டர் கயிறு கட்டி, மூன்று மூன்று நிமிடமாக, ஓடுகிற விளையாட்டையே வெகுமதியாக வைக்கச் சொன்னேன். சொல்லும் முக்கியம்: அப்பா ‘சிட்’ என்றும், ஆத்தா ‘உக்காரு’ என்றும், பிள்ளைகள் வேறொன்றும் சொல்லும் வீட்டில் நாயைக் குறை சொல்லிப் பயனில்லை.

அழகாபுரத்து லாப்ரடாரின் இடது காதைத் திறந்து பார்த்தபோது உள்ளே சீழ் கட்டியிருந்தது. நாயின் குணம் சட்டென மாறினால், காணொளியைத் தேடுவதற்கு முன் காது, பல், மூட்டு, உண்ணிக் காய்ச்சல் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். காதுக்கு மருந்து கொடுத்தேன். பையனைத் தட்டிலிருந்து விலக்கி வைத்து, பெரியவர்கள் மட்டும் தொலைவில் நடந்து போகும்போதே வேகவைத்த கோழித் துண்டை வீசிவிட்டுப் போகச் சொன்னேன். கைபேசியை அலமாரியில் நிலையாக நிறுத்தி, வேண்டுமென்றே சீண்டாமல், நாய் உண்ணும் நேரத்தைப் பதிவு செய்து கொண்டுவரவும் கேட்டேன், ஏனெனில் மருத்துவமனை மேசைமேல் நடுங்கி நிற்கும் நாயிடம் வீட்டு நடத்தையைக் காண முடியாது. ஆறு வாரத்தில் ஒன்பது பதிவுகள் வந்தன. ஏழாவதில், தந்தை அறைக்குள் நுழைந்ததும் நாய் தட்டிலிருந்து தலையைத் தூக்கி அவர் கையைப் பார்க்கிறது, வால் தளர்ந்து ஆடுகிறது. பையனை இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.