ஒரு டொலருக்குத் தேடிய தம்பி

மட்டக்களப்பில் காணி வழக்குப் பேசுவதும் உறுதி எழுதுவதும்தான் என் தொழில். என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறவர்களில் கனபேரின் சிக்கல் ஒன்றுதான். தகப்பன் எதுவும் எழுதி வைக்காமல் இறந்திருப்பார். பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு இருக்கும். அதில் ஒருவர் வெளிநாட்டில், எங்கே என்று தெரியாது. அவருடைய கையெழுத்து இல்லாமல் முழுக் காணியையும் விற்கவும் ஏலாது, மகளுக்குச் சீதனமாக எழுதவும் ஏலாது. பாகப்பிரிவினை வழக்குப் போட்டாலும், 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி தெரிந்த பங்காளிகள் அத்தனை பேரையும் வழக்கில் காட்டியாக வேண்டும். ஆகவே தேடுகிறார்கள். இப்போது தேடுவது இணையத்தில்.

கல்லடிப் பக்கத்து அம்மா ஒருவர் போன வருடம் மகனோடு வந்தார். அவருடைய தம்பி 1990 பிரச்சினையோடு கொழும்பு போய், அங்கிருந்து கனடா போனவர். கடிதம் வந்துகொண்டுதான் இருந்தது. முகவரி எழுதி வைத்த கொப்பியை 2004 இல் சுனாமி கொண்டு போய்விட்டது. வீடு மாறி, தொலைபேசி மாறி, தொடர்பு அறுந்தே போனது.

"ஒரு டொலர்தானே மிஸ், மாமாவக் கண்டுபிடிச்சிரலாம் எண்டு இவன் சொன்னான்" என்றார் அம்மா. மகன் தலையைக் குனிந்துகொண்டு ஃபோனை நீட்டினான்.

ஆளைத் தேடித் தருவதாகச் சொல்லும் ஓர் இணையத்தளம். பெயரும் ஊரும் கேட்கிறது. கொடுத்ததும் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நீள்கிறது. நீதிமன்றப் பதிவு பார்க்கிறோம், சொத்துப் பதிவு பார்க்கிறோம், பக்கத்தை மூட வேண்டாம் என்று நாலைந்து நிமிடம் காக்க வைக்கிறது. அவ்வளவு நேரம் காத்திருந்தவருக்கு எழும்பிப் போக மனம் வராது. கடைசியில் "அறிக்கை தயார்" என்று வரும். தொலைபேசி இலக்கம் இருக்கும் இடம் மட்டும் மங்கலாக இருக்கும். அதைத் தெளிவாகப் பார்க்க ஒரு டொலர்.

நான் அந்த இடத்திலேயே வாயில் வந்த ஒரு பெயரைத் தட்டச்சு செய்து பார்த்தேன். அப்படி ஓர் ஆள் உலகத்தில் இருக்கவே வாய்ப்பில்லை. அதற்கும் "மூன்று பேர் கிடைத்தார்கள்" என்றது. அம்மா என் கையிலிருந்த ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் பேசவில்லை.

பணம் கட்டும் பொத்தானுக்குக் கீழே சாம்பல் நிறத்தில், மிகச் சிறிய எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. ஐந்து நாளில் நிறுத்தாவிட்டால் மாதம் 28 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் மாதம் 8,400. வங்கி பிடிக்கும் நாணய மாற்றுக் கட்டணம் வேறு. வங்கியின் எஸ்.எம்.எஸ். மகனுடைய பழைய இலக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்ததால் ஐந்து மாதம் ஒருவருக்கும் தெரியவில்லை. 42,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. கிடைத்த அறிக்கையில் இருந்தவர் அமெரிக்காவில் எங்கோ இருக்கும் ஒரு முதியவர். பெயரில் ஒரு சொல் மட்டும் ஒத்துப் போயிருந்தது.

ஏன் கிடைக்காது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் இருப்பவை. அந்த நாட்டு நீதிமன்றம், வாக்காளர் இடாப்பு, வீட்டு உரிமைப் பதிவு, விளம்பரக்காரர்களின் பட்டியல் எல்லாவற்றையும் அள்ளிச் சேர்த்து விற்கிறார்கள். கனடாவின் ஸ்காபரோவில் வாடகை வீட்டில் இருக்கும் நம் ஆள் அந்தப் பட்டியலுக்குள் வருவது அரிது. அதைவிடப் பெரிய காரணம் நம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. கந்தையாவின் மகன் தவராசா அங்கே போனதும் எது முதற்பெயர், எது கடைசிப் பெயர் என்று கேட்பார்கள். வேலைத்தளத்தில் அவரைக் கந்தையா என்றே கூப்பிடுவார்கள். தவராசா என்பதை ஆங்கிலத்தில் எழுத ஏழெட்டு விதம் உண்டு. இதெல்லாம் அந்தப் பச்சைக் கோட்டுக்குத் தெரியாது.

அந்த நாட்டிலேயே இவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறது. மைலைஃப் என்ற நிறுவனமும் அதன் தலைவரும் 2.1 கோடி டொலர் கட்ட 2021 இல் இணங்க வேண்டி வந்தது. சாதாரண வாகனத் தண்டப்பத்திரம் வாங்கியவரைக்கூடக் குற்றப் பதிவு உள்ளவர்போலக் காட்டியதாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டி, ட்ரூத்ஃபைண்டர், இன்ஸ்டன்ட் செக்மேட் இரண்டும் 58 இலட்சம் டொலர் கட்டியது 2023 இல். அப்படிப்பட்ட அறிக்கையை அச்செடுத்து "மிஸ், இதைக் கோட்டில காட்டலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பங்காளி இருக்கும் இடத்துக்கு அது அத்தாட்சி ஆகாது.

காசு போனதைவிட எனக்குப் பயமாக இருந்தது அடுத்து நடந்ததுதான். இணையத்தளம் கைவிட்டதும் மகன் ஒரு பேஸ்புக் குழுவில் மாமாவின் பழைய படத்தையும், அம்மாவின் அடையாள அட்டைப் படத்தையும், வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் போட்டுவிட்டான். உண்மையான ஆட்கள் என்று நம்ப வேண்டுமே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் நம் அடையாள அட்டை இலக்கம் ஒரு திறந்த புத்தகம். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்ணும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 62545 என்று தொடங்கினால் 1962 பெப்ரவரி 14 இல் பிறந்த பெண். தொலைபேசியில் நாம்தானா என்று உறுதிப்படுத்த வங்கி கேட்பதும் இதே விபரங்களைத்தான்.

நாலாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒருவர் அழைத்திருக்கிறார். நல்ல தமிழ். "உங்கட தம்பி ரொறன்ரோவில ஆஸ்பத்திரியில இருக்கிறார், உடனே காசு வேணும்." அம்மா அழுதுகொண்டே காப்பை அடகு வைக்க எழும்பியவர், என்ன நினைத்தாரோ, "மனே, அவனை வீட்டில என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவம் எண்டு அவனிட்டக் கேட்டுச் சொல்லு" என்றாராம். அழைப்பு துண்டிக்கப்பட்டது. பள்ளிக்கூடம் அதிகம் போகாத அந்தப் பெண்ணின் அந்த ஒரு கேள்வியை இப்போது வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லிக் கொடுக்கிறேன்.

ஏற்கெனவே காசு போய்க்கொண்டிருந்தால், முதலில் அந்தத் தளத்துக்குள் போய்ச் சந்தாவை நிறுத்துங்கள். நிறுத்தியதற்கான பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். வங்கி அட்டையை மட்டும் மாற்றினால் போதாது. புதிய அட்டை இலக்கம் சில வேளை விசா, மாஸ்டர்காட் வழியாகவே வியாபாரியிடம் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். இதற்கு நாள் கணக்கு உண்டு, தள்ளிப் போடாதீர்கள். வங்கி கைவிரித்தால் மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அடையாள அட்டைப் படம் வெளியே போயிருந்தால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்புக்கு 101 இல் அழைத்துச் சொல்லுங்கள்.

தேடுவதற்குக் காசு தேவையே இல்லை. யுத்தம், அனர்த்தம், இடப்பெயர்வால் பிரிந்தவர்களைச் செஞ்சிலுவைச் சங்கம் பல நாட்டுக் கிளைகள் வழியாக இலவசமாகத் தேடுகிறது. உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாதவர்களுக்கு, 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு மட்டக்களப்பிலும் கிளை உண்டு. அதற்கும் முன்னால், நம்மிடமே ஒரு பழைய இடாப்பு இருக்கிறது. எந்தக் குடி (தாய்வழி வம்சம்), எந்தக் கோயில், எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாம் வருட வகுப்பு? இந்த நாலையும் அந்த அம்மாவிடம் கேட்டு எழுதினேன். மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்தோம். அவர் திரும்பிப் போய்ப் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்தார். மூன்று வாரத்தில் தம்பியே அக்காவுக்கு அழைத்தார். வீட்டுப் பெயரைக் கேட்காமலே சொன்னாராம்.

அங்கே அவருக்குத் தகப்பனின் பெயர்தான் பெயர். ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கையெழுத்து வைத்து, தனக்காக இங்கே இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் அனுப்பினார். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் உள்ளவரும் இவரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசியும் வாங்க வேண்டியிருந்தது. அம்மாவின் பேத்தியின் பெயருக்குக் காணி உறுதி ஆவணியில் முடிந்தது. வங்கி கடைசி இரண்டு மாதக் காசை மட்டும் திருப்பித் தந்திருக்கிறது. மற்ற மூன்று மாதத்துக்கும் மத்திய வங்கிக்கு எழுதியிருக்கிறோம்.